ஒரே கணிப்பொறிக்குள் தொலைந்த அஞ்சல் அட்டைகள்

இயற்பியல் மாணவர்களுக்குக் கைகர் எண்ணி புதியதன்று. கதிரியக்கப் பொருளிலிருந்து புறப்படும் துகளோ கதிரோ குழாயினுள் புகுந்தால் ஒரு மின்துடிப்பு எழுகிறது. துடிப்புகளை எண்ணிக் கதிரியக்கத்தை அளக்கிறோம். காமாக் கதிர் மூலத்துக்கும் குழாய்க்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும். எதிர்விகித இருமடி விதி என்று இதைப் படித்திருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இந்தச் சோதனைக்கு ஒரு கணிப்பொறியை இணைத்திருந்தோம். அதில் இரண்டு நிரல்கள் ஓடும். ஒன்று, கருவியிலிருந்து கம்பி வழியே வரும் ஒவ்வொரு துடிப்பையும் வாங்கி, அதன் நேரத்தை ஒரு சிறு செய்தியாக்கி இரண்டாவது நிரலுக்கு அனுப்பும். இரண்டாவது நிரல் செய்தி ஒவ்வொன்றையும் எண்ணி, திரையில் ஒரு புள்ளியும் இடும். லினக்ஸ் கணிப்பொறியில் பல மாதங்கள் குறையின்றி நடந்த இந்த ஏற்பாட்டை, புதிய கணிப்பொறிகள் வந்தபோது விண்டோசுக்கு மாற்றினேன். மாற்ற வேண்டியிருந்தவை சில வரிகளே. அவற்றை எழுதியவனும் நானே.

அதன் பிறகு சோதனை கோணலாயிற்று. மூலம் தொலைவில் இருக்கும்போது கணக்குச் சரியாக வந்தது. அருகே கொண்டுவந்தால் எண்ணிக்கை ஓரளவுக்கு மேல் ஏற மறுத்தது. எனக்கு வியப்பு ஏற்படவில்லை. கைகர் குழாய் ஒரு துடிப்பை எண்ணியதும் சிறிது நேரம் முடங்கிக் கிடக்கும்; அந்நேரத்தில் வரும் அடுத்த துகளை அது காணாது. முடங்கு நேரம் என்று இதற்குப் பெயர். “அதுதான் காரணம், கணக்கிட்டுப் பாருங்கள்” என்றேன்.

கணக்கிட்ட மாணவர் ஒருவர் மறுநாள் வந்தார். “சார், 5 மில்லிநொடி வருகிறது. பாடநூலில் 100 மைக்ரோநொடி அளவில்தானே இருக்கும் என்று போட்டிருக்கிறது?”

“குழாய் பழையது” என்று சொல்லி ரெக்கார்டு நோட்டில் கையொப்பமிட்டேன்.

என் விடை தவறு. துடிப்புகள் குழாயில் தொலையவில்லை. ஒரே கணிப்பொறிக்குள், ஒரு நிரலுக்கும் மற்றொரு நிரலுக்கும் நடுவே தொலைந்துகொண்டிருந்தன. ஓர் அறைக்குள் கைமாறும் கடிதம் எப்படித் தொலையும்? இதற்கு விடை காண நாம் சுமார் ஐம்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

அட்டையும் அழைப்பும்

ஒருவருக்குச் செய்தி சொல்ல இரண்டு வழிகள் உண்டு. தொலைபேசியில் அழைக்கலாம்: இணைப்புக் கிடைக்கும் வரை காத்திருந்து, பேசி முடித்து, இணைப்பைத் துண்டிக்கிறோம். அல்லது அஞ்சல் அட்டை எழுதிப் போடலாம். அட்டைக்கு முன்னேற்பாடு வேண்டாம், முகவரி போதும். ஒவ்வோர் அட்டையும் தனித்தனி. ஒன்றின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் கலப்பதில்லை.

கணிப்பொறி வலையமைப்புகளில் அட்டை வகைச் செய்திக்கு டேட்டாகிராம் என்று பெயர். ‘டேட்டா’வையும் ‘டெலிகிராமை’யும் ஒட்டி 1970களின் தொடக்கத்தில் இச்சொல்லை உருவாக்கியவர் ஹல்வோர் போத்னர்-பீ என்ற தொலைத்தொடர்பு வல்லுநர். பிரான்சில் லூயி பூசான் தலைமையில் அமைந்த சிக்லாட் என்ற வலையமைப்பு இம்முறையில் இயங்கியது. 1980 ஆகஸ்டில் இணையத்துக்கான டேட்டாகிராம் விதி யூ.டி.பி. என்ற பெயரில் வெளியாயிற்று. மூன்றே பக்கம் கொண்ட ஆவணம் அது. யூ.டி.பி. எந்த உறுதியும் தருவதில்லை. அட்டை வழியில் தொலையலாம், முன்பின்னாக வரலாம், ஒன்றே இருமுறையும் வரலாம். தொலைதூரக் கம்பிகளையும் நெரிசலான சந்திப்புகளையும் கடந்து செல்லும் செய்திக்கு இதைவிடக் கூடுதலாக வாக்களிப்பது அதன் வேலை அன்று என்பதே கருத்து.

1983-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் இயக்க முறைமை வெளிவந்தது. நிரல்கள் செய்தி அனுப்பவும் பெறவும் அதில் ‘சாக்கெட்’ என்ற பொது ஏற்பாடு இருந்தது. சுவரில் உள்ள மின் செருகியைப் போன்றது என்று கொள்ளலாம். மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்று செருகிக்குக் கவலை இல்லை. இணையத்தின் வழியே வேறு ஊரிலுள்ள நிரலோடு பேசவும், அதே கணிப்பொறியிலுள்ள அண்டை நிரலோடு பேசவும் ஒரே வகைக் கட்டளைகள் போதும். முகவரி மட்டும் வேறு. வெளியூருக்கு எண் முகவரி. உள்ளூருக்கு ஒரு கோப்பின் பெயர்.

கோப்பின் பெயரை முகவரியாக்கியது எளிமையானதும் மிக அழகானதுமான யோசனை என்பது என் எண்ணம். யூனிக்சில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதியும் உண்டு. அந்தப் பழைய காவலே செய்திகளுக்கும் காவலாகி விடுகிறது. கோப்பில் எழுத அனுமதி இல்லாதவரின் அட்டையை இன்றைய லினக்ஸ் வாங்குவதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு: கம்பியில்லா வலையமைப்பில் லினக்ஸ் கணிப்பொறிகளை இணைக்க, 2003-இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட் என்ற நிரல் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. ‘இந்த வலையமைப்பில் சேர், கடவுச்சொல் இது’ என்ற ஆணைகளை அது உள்ளூர் டேட்டாகிராம் சாக்கெட் வழியே பெறுகிறது. எந்தப் பயனர் குழு ஆணையிடலாம் என்பதைக் கோப்பகத்தின் அனுமதியே முடிவு செய்கிறது. பதில் வர வேண்டுமே, அதற்கு ஆணையிடும் நிரலும் தற்காலிகக் கோப்பகத்தில் தன் பெயருக்கு ஒரு சாக்கெட் கோப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அட்டையில் அனுப்புநர் முகவரி எழுதுவது போன்றதுதான்.

இந்த உள்ளூர் அட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் கதைக்கு முதன்மையானது அதுவே. இச்செய்தி எந்தக் கம்பியிலும் செல்வதில்லை. இயக்க முறைமையின் உள்ளகமாகிய கெர்னல் அதை வாங்கி, பெறுபவரின் வரிசையில் வைக்கிறது. எனவே லினக்சில் அது தொலைவதில்லை. வரிசை மாறுவதும் இல்லை. பெறுபவரின் பெட்டி நிரம்பிவிட்டால்? லினக்ஸ் கெர்னலில் நெடுங்காலமாக இயல்பாக வைத்திருக்கும் அளவு 10 அட்டைகள்தாம். அதற்குமேல் அனுப்புபவரைக் கெர்னல் நிறுத்தி வைக்கிறது. இடம் கிடைத்ததும் விடுகிறது. பி.எஸ்.டி. வழிவந்த முறைமைகள் நிறுத்துவதில்லை. ‘இடமில்லை’ என்று பிழை சொல்லித் திருப்பிவிடுகின்றன. எப்படியாயினும் அனுப்பியவருக்குச் செய்தி தெரிந்துவிடும்.

ஆக, பெயர் டேட்டாகிராம்தான். ஆனால் பல ஆண்டுகளாக நிரல் எழுதியோர், கேளாமலே கிடைத்த இந்த நம்பகத்தைப் பழகிப் போனார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இல்லாததை இருப்பதுபோல் ஆக்குதல்

இனி விண்டோசுக்கு வருவோம். 1993 ஜனவரியில் வெளியான வின்சாக் 1.1 என்ற வரையறை, பெர்க்லி சாக்கெட்டை விண்டோசில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் வந்தது வெளியூர் அஞ்சல் மட்டுமே. கோப்புப் பெயரை முகவரியாகக் கொண்ட உள்ளூர் அஞ்சல் வரவில்லை. அதே ஆண்டு வந்த விண்டோஸ் என்.டி.யில் அண்டை நிரல்கள் பேசிக்கொள்ள வேறு வழிகள் இருந்ததால், இது பெருங்குறையாகப் படவில்லை.

குறையாகப் பட்டது யூனிக்ஸ் நிரல்களை விண்டோசில் ஓட்ட விரும்பியவர்களுக்கு. அமெரிக்காவின் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லெயின் 1995-இல் தொடங்கிய முயற்சி பின்னர் சிக்வின் என்று புகழ் பெற்றது. யூனிக்ஸ் நிரல் கேட்கும் வசதிகளை எல்லாம் ஒரு நூலகம் இடையில் நின்று விண்டோஸ் வசதிகளாக மொழிபெயர்த்துத் தரும். உள்ளூர் சாக்கெட்டையும் அது தர வேண்டியிருந்தது. எதைக் கொண்டு?

விண்டோசிலேயே ‘மெயில்ஸ்லாட்’ என்றொரு வசதி உண்டு. கடிதம் போடும் துளை என்பது பெயரின் பொருள். பெயரைக் கேட்டதும் இதுவே பொருத்தம் என்று தோன்றும். பெயர் இட்டுப் பெட்டியைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் செய்தி போடலாம். செய்தியின் எல்லையும் கலையாது. ஆனால் அது ஒருவழிப் பாதை. போட்டவர் யார் என்பது பெட்டிக்குத் தெரியாது. ‘பெயருள்ள குழாய்’ என்று இன்னொன்று உண்டு. அதுவும் செய்தி எல்லையைக் காக்கும், அனுமதியையும் காக்கும். ஆனால் தொலைபேசி போல முதலில் இணைப்புக் கேட்கும்.

இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. யூனிக்ஸ் நிரல்களுக்கு ‘செலக்ட்’ என்ற கட்டளை உயிர்நாடி. “என் பத்துப் பெட்டிகளில் எதில் செய்தி வந்தாலும் என்னை எழுப்பு” என்று சொல்லிவிட்டு உறங்குவதற்கு அதுவே துணை. விண்டோசின் செலக்ட் சாக்கெட்டுகளை மட்டுமே அறியும். மெயில்ஸ்லாட்டையும் குழாயையும் அது திரும்பிப் பார்க்காது.

ஆகவே சிக்வின் ஒரு குறுக்கு வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 127.0.0.1 என்று ஒரு தன்முகவரி உண்டு. அதற்கு அனுப்பியது வெளியே போகாமல் அனுப்பிய பொறிக்கே திரும்பி வரும். உள்ளூர் டேட்டாகிராம் வேண்டும் என்று நிரல் கேட்டால், தன்முகவரியில் ஒரு யூ.டி.பி. சாக்கெட்டைத் திறந்து கொடுத்துவிடலாம். முகவரிக் கோப்பு? சாதாரணக் கோப்பு ஒன்றை அந்தப் பெயரில் உண்டாக்கி, உள்ளே யூ.டி.பி.யின் வாயில் எண்ணை எழுதி வைத்தால் போதும். அனுப்ப வருபவரின் சார்பில் நூலகம் கோப்பைத் திறந்து, எண்ணைப் படித்து, அந்த வாயிலுக்கு அனுப்பும். இரு நிரல்களும் தாம் யூனிக்சில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். நானும் என் ஆய்வுக்கூட நிரலில், கோப்பு எதுவும் இன்றி, இதையே சுருக்கமாகச் செய்திருந்தேன்.

வேடம் எங்கே கலைகிறது?

முதலில் காவல். கோப்புக்கு அனுமதி உண்டு. வாயில் எண்ணுக்கு இல்லை. வீட்டின் உள்ளறைக் கதவைக் கொண்டுபோய்த் தெருவில் நாட்டியதற்கு ஒப்பு இது. அதே கணிப்பொறியில் கணக்கு வைத்திருக்கும் வேறு யாரும் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். சிக்வின் இதற்கு ஒரு மாற்றுக் கண்டது. கோப்பில் வாயில் எண்ணோடு 128 பிட் நீளமுள்ள, குருட்டாம்போக்கில் தேர்ந்த ஓர் இரகசிய எண்ணும் எழுதப்படும். இணைப்புக் கேட்பவர் முதலில் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். கோப்பைப் படிக்க அனுமதி பெற்றவருக்கே அது தெரியும். கோப்பின் காவல் சுற்றிவளைத்து மீண்டும் வந்துவிட்டது!

ஆனால் கவனியுங்கள்: இது தொலைபேசி வகை இணைப்புக்கு மட்டுமே செய்யப்பட்டது. அங்கே ‘யார் அது?’ என்று கேட்க ஒரு தொடக்கம் உண்டு. அட்டைக்குத் தொடக்கமே கிடையாது, வந்து விழுந்துவிடும். இரகசியத்தை ஒவ்வோர் அட்டையிலும் எழுதினால்தான் உண்டு.

டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட் ஏறத்தாழ அதைத்தான் செய்தது. அந்நிரலை உள்ளூர் சாக்கெட் இல்லாத இடங்களில் யூ.டி.பி. கொண்டும் ஓட்டலாம். அப்போது அட்டையின் தலைப்பில் 8 பைட் நீளமுள்ள அடையாள எண் இருக்க வேண்டும். 127.0.0.1 அல்லாத முகவரியிலிருந்து வந்த அட்டை குப்பைக்குப் போகும். அப்படிப்பட்ட அட்டையை இயக்க முறைமையே தடுத்துவிடும் என்று தெரிந்தும், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி சோதிக்கிறார்கள். இந்த எச்சரிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. எனினும் அடையாள எண்ணைப் பெறுவது எப்படி? ‘எண்ணைக் கொடு’ என்று அதே வாயிலில் கேட்டால் கிடைக்கும். பொய்யான அனுப்புநர் முகவரியிட்டு வெளியிலிருந்து எழுதுபவனுக்குப் பதில் போய்ச் சேராது, அவன் தடுக்கப்படுவான். பக்கத்து நாற்காலியில் அதே பொறியைப் பயன்படுத்துபவன் தடுக்கப்பட மாட்டான். குழு அனுமதி தந்த பாதுகாப்பு இதில் இல்லை. விண்டோசில் பெயருள்ள குழாயைக் கொண்டும் இந்நிரலைக் கட்டலாம். அங்கே யாருக்கு அனுமதி என்று எழுதி வைக்க முடிகிறது.

இரண்டாவது, செத்தவர் முகவரி. யூனிக்சில் நிரல் இறந்த பிறகும் அதன் சாக்கெட் கோப்பு அங்கேயே கிடக்கும். ஆனால் அதற்கு அனுப்பினால் ‘ஆள் இல்லை’ என்று கெர்னல் சொல்லிவிடும். வேடமிட்ட கோப்பில் இருப்பதோ ஒரு வாயில் எண். நிரல் இறந்தபின் அந்த எண்ணை இயக்க முறைமை வேறொரு நிரலுக்கு வழங்கக்கூடும். அப்போது உங்கள் அட்டை முன்பின் அறியாதவர் வீட்டில் விழும். பதில் முகவரியிலும் இதே தொல்லை. பெறுபவருக்குத் தெரிவது அனுப்பியவரின் வாயில் எண். அவர் எதிர்பார்ப்பதோ கோப்புப் பெயர்.

விண்டோசுக்கே உரிய ஒரு விசித்திரத்தையும் சொல்லியாக வேண்டும். ஆளில்லாத வாயிலுக்கு யூ.டி.பி. அட்டை அனுப்பினால் ‘வாயில் மூடியுள்ளது’ என்ற குறிப்புத் திரும்பி வரும். விண்டோஸ் அதை வைத்துக்கொண்டு, அடுத்து நீங்கள் உங்கள் பெட்டியைத் திறந்து படிக்கும்போது 10054 என்ற பிழையாகத் தரும். அனுப்பியது தவறியதற்குப் படிப்பவர்மேல் குற்றம்! இதை அறியாமல் எழுதிய நிரல், யாரோ ஒருவர் வெளியேறியதற்காகத் தன் கடையையே மூடிவிடும். இதை அணைக்க விண்டோஸ் 2000-இலிருந்து தனிக் கட்டளை உண்டு.

கடைசியாக, என்னைச் சிக்க வைத்த குறை. யூ.டி.பி. தன்முகவரிக்குச் சென்றாலும் யூ.டி.பி.தான். கம்பி இல்லை, மழை இல்லை, நெரிசல் இல்லை. ஆயினும் பெறுபவரின் பெட்டி நிரம்பினால் அடுத்த அட்டை சத்தமின்றி எறியப்படும். அனுப்பியவருக்கு ‘வெற்றி’ என்றே விடை வரும்.

என் இரண்டாவது நிரல் ஒவ்வொரு புள்ளிக்கும் படத்தைப் புதுப்பிக்க ஏறத்தாழ 5 மில்லிநொடி எடுத்துக்கொண்டது. அதாவது நொடிக்கு 200 அட்டைகளே படிக்க முடியும். மூலம் தொலைவில் உள்ளவரை துடிப்புகள் அதற்குக் குறைவு. அருகே வந்ததும் பெட்டி நிரம்பி வழிந்தது. லினக்சில் இதே மந்தமான நிரல் ஓடியபோது அனுப்புபவர் நிறுத்தி வைக்கப்பட்டார். துடிப்புகள் கருவிப் பக்கத்துக் கிடங்கில் காத்திருந்தன. படம் பின்தங்கிற்று, எண்ணிக்கை பொய்க்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தது நானல்லன், அந்த மாணவர்தான். குழாய் பழையது என்ற விடை அவருக்கு உவக்கவில்லை. உண்மையான முடங்கு நேரம், எண்ணிக்கை கூடக் கூடக் கோட்டைத் தொடக்கத்திலிருந்தே மெல்ல வளைக்க வேண்டும். நொடிக்கு 100 துகள் வருமிடத்திலேயே, 5 மில்லிநொடி முடங்கினால் எண்ணப்படுவது ஏறத்தாழ 67 ஆக வேண்டும். எங்கள் கோடோ 200 வரை நேராக ஏறி, முழங்கை மடங்கியது போலச் சட்டென்று படுத்துவிட்டது. “வழிகிற வாளி மாதிரி இருக்கிறது, சார்” என்றார். ஒவ்வொரு செய்தியிலும் 1, 2, 3 என்று வரிசை எண் எழுதச் செய்தோம். மறுமுனையில் எண்கள் தாவித் தாவி வந்தன.

2017 டிசம்பரில், உள்ளூர் சாக்கெட்டை விண்டோசே நேரடியாகத் தரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் பதிப்பிலிருந்து அது பரவலாகக் கிடைத்தது. கோப்புப் பெயரே முகவரி. கோப்பின் அனுமதியே காவல். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து 1983-இன் யோசனை அங்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவ்வறிவிப்பில் இருந்தது தொலைபேசி வகை மட்டுமே. டேட்டாகிராம் வகை, தராதவற்றின் பட்டியலில் இடம்பெற்றது. இதை எதிர்கொள்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: தொலைபேசி இணைப்பைத் திறந்து, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்பினால், எல்லை கலையாத அட்டைகள் கிடைக்கும். இணைப்பு முறையில் பெட்டி நிரம்பினால் அனுப்புபவர் காத்திருப்பார்; எதுவும் தொலையாது. பலர் ஒரே பெட்டிக்கு எழுதும் வசதிக்கு மட்டும், ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு வைத்துப் பராமரிக்கும் உழைப்பு கூடுகிறது.

நாங்களும் அப்படியே செய்தோம். அனுப்புபவர் ஒருவரே ஆகையால் உழைப்பும் மிகுதியில்லை. மறுபடி அளந்தபோது எண்ணிக்கை 200-ஐத் தாண்டி ஏறியது. அந்தத் தூரங்களில் முடங்கு நேரத்தின் வளைவு கண்ணுக்கே தெரியவில்லை. ரெக்கார்டு நோட்டில் என் கையொப்பத்துக்குக் கீழே மாணவர் புதிய வரைபடத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். நான் மறுபடியும் கையொப்பமிட்டேன். பழையது என்று பழி சுமந்த குழாய், இன்றும் அதே மேசையில் வேலை செய்துகொண்டிருக்கிறது.